வேஷமும் வாசலும்

சந்திரனைப் பின்பற்றி வருகிற பண்டிகையும், நாட்காட்டியில் ஆணியடித்து நிறுத்திய பண்டிகையும் ஒரே நாளில் சந்தித்துக்கொள்வது எப்பொழுதோ ஒரு தடவை நேர்கிற காரியம். 2024-ஆம் வருஷத்தில் அது நேர்ந்தது. ஐப்பசித் தேய்பிறையின் கடைசி நாட்களோடு முன்னும் பின்னுமாக நகர்ந்துகொண்டேயிருக்கும் நம்முடைய தீபாவளியும், எந்த வருஷமானாலும் அக்டோபர் 31-ஐ விட்டு அசையாத அமெரிக்கர்களின் ஹாலோவீனும் ஒரு வியாழக்கிழமையில் வந்து சேர்ந்தன. நியூ ஜெர்ஸியில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கும் எனக்கு இரண்டு பண்டிகைகளும் பழக்கமானவையே. காலையில் ஒரு பெட்டியைத் திறந்து மூடி, மாலையில் வேறொரு பெட்டியைத் திறப்பதுபோல அவற்றைத் தனித்தனியே வைத்துப் புழங்கிவந்தேன். அந்த வருஷம் மட்டும் பெட்டிகள் கலந்துவிட்டன. கலந்ததற்குத் திதி பாதிக் காரணம் என்றால், ஊரிலிருந்து முதல் தடவையாக வந்து எங்களோடு தங்கியிருந்த என் தாயார் மறுபாதிக் காரணம்.

எங்கள் ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே, குலசேகரபட்டினத்துக்கும் மணப்பாட்டுக்கும் நடுவே, பனைமரங்களுக்குள் இருக்கிறது. எழுபத்தாறு வயது வரை அந்தத் தேரிக்காட்டு மணலை விட்டு அதிக தூரம் போகாத அம்மா, அக்டோபர் மாத மத்தியில் ஒரு காலைப்பொழுது எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தபோது, பக்கத்து வீட்டுப் புல்வெளியில் பன்னிரண்டு அடி உயரமுள்ள எலும்புக்கூடு ஒன்று, கண்குழிகளில் விளக்கு எரிய, எங்கள் சமையலறையையே பார்த்துக்கொண்டு நின்றது. மரச்சாமானும் ஆணியும் விற்கிற பெரிய கடைகளிலேயே இது கிடைக்கும் என்பதையும், வாங்குகிறவர்கள் சந்தோஷமாகவே வாங்குகிறார்கள் என்பதையும் அவளுக்கு விளங்கவைக்க எனக்கு இயலவில்லை.

"தீவாளியும் அதுவுமா வாசல்ல எலும்புக்கூட்டக் கெட்டி நிறுத்திருக்காவளே, இவியளுக்கு எடுத்துச் சொல்ல ஒரு பெரிய ஆளு இல்லியாய்யா?" என்றாள்.

செத்தவர்களை நினைக்கிற நாள் என்று ஒரு காலத்தில் இருந்தது அம்மா, இப்பொழுது குழந்தைகளுக்கு விளையாட்டாகிவிட்டது என்று, எனக்குத் தெரிந்த அளவில் சுருக்கிச் சொன்னேன். அம்மா சற்று நேரம் யோசித்தாள். "அப்பம் மணப்பாட்டுக்காரவ கல்லறைக்கு மெழுகுதிரி ஏத்துவாவளே, அந்த நாளா?" என்று கேட்டாள். இல்லை, அது நவம்பர் 2, இது வேறு என்று அவசரமாக மறுத்தேன். மறுத்தது என் அறியாமை என்பதும், ஆங்கிலம் அறியாத அந்தக் கிழவி ஒரே கேள்வியில் விஷயத்தின் வேரைத் தொட்டுவிட்டாள் என்பதும் பிறகுதான் எனக்கு உறைத்தன.

அதைச் சொல்லுமுன் என் காரியாலயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். கணிப்பொறி நிரல் எழுதிப் பிழைக்கிற இருநூறு பேர் கொண்ட சாதாரணக் காரியாலயம் அது. வருஷத்தில் முந்நூற்றுச் சொச்சம் நாட்கள் இடுப்பளவு தடுப்புகளுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் வேலை செய்கிற அந்த இடம், ஹாலோவீன் அன்று அடையாளம் தெரியாமல் மாறிவிடும். தடுப்புகளின்மேல் பஞ்சை இழுத்து இழுத்துச் சிலந்திவலை விரிப்பார்கள். அச்சு இயந்திரத்தின்மேல் ஒரு ரப்பர் கை கிடக்கும். பதினொரு மணிக்கு வேஷப்போட்டி. மூன்று மணிக்கு, ஊழியர்களின் குழந்தைகள் வந்து மேஜை மேஜையாகச் சென்று மிட்டாய் சேகரிக்கும் வைபவம். இவையெல்லாம் நடக்கும் என்று ஒரு வாரத்துக்கு முன்பே சுற்றறிக்கை வரும். எந்த வேஷங்கள் கூடாது என்ற பட்டியலும் அதிலேயே இருக்கும். ஆயுதம் கூடாது, அதிக ரத்தம் கூடாது, பிறருடைய இனத்தையோ மதத்தையோ வேஷமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. கேளிக்கைக்கும் விதிமுறை வகுத்துவிட்டுத்தான் சிரிக்கத் தொடங்குவது இந்த தேசத்தாரின் ஸ்வபாவம். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. வகுக்காமல் சிரித்து எத்தனையோ பேரைப் புண்படுத்திய அனுபவம் அவர்களுக்கு உண்டு.

இத்தனை வருஷமாக இந்த வைபவத்தை நான் தடுப்புக்கு இப்பால் நின்று பார்த்துவந்தவன். கூச்சம் ஒரு காரணம். வேஷம் போட்டுக்கொள்ளாமலிருப்பதில் ஒரு கண்ணியம் இருப்பதாக எனக்குள் ஒரு பிரமை இருந்தது மற்றொரு காரணம். எங்கள் கணக்குத் துறைத் தலைவர் ஒவ்வொரு வருஷமும் வாழைப்பழமாக வருவார். ஆறடி உயரமும் அதற்கேற்ற கனமும் உள்ள மனிதர் மஞ்சள் தோலுக்குள் புகுந்துகொண்டு, செலவுச்சீட்டுகளில் கையெழுத்திட்டுக்கொண்டிருப்பார். வருஷம் முழுவதும் எல்லோரையும் நடுங்கவைக்கும் தணிக்கைக்கார அம்மாள் தேனீயாக வருவார். கொட்டுமா என்று கேட்கத் துணிந்தவர்களுக்கு அன்று மட்டும் பதில் சொல்லுவார். இளைஞர்களில் ஒருவன், வேஷத்துக்குச் சோம்பல்பட்டவன், வெள்ளைச் சட்டையில் "பிழை 404: வேஷம் கிடைக்கவில்லை" என்று எழுதி மாட்டிக்கொண்டு வருவான், எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் மட்டும் அதற்குச் சிரிப்போம். இவர்கள் நடுவில் கால்சட்டையும் நீலச் சட்டையுமாக நிற்கிறவன்தான் உண்மையில் விசித்திரமானவன் என்பதை உணர எனக்கு இருபது வருஷம் பிடித்தது. எல்லோரும் முகமூடி அணிந்திருக்கிற சபையில் அணியாதவனுடைய முகமே எல்லோருடைய கண்ணிலும் படுகிறது.

அந்த வருஷம் காலாண்டு முடிவுக் கணக்கு காரணமாகத் தீபாவளிக்கு விடுப்பு எடுக்க முடியவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு அம்மா எழுப்பி, தலையில் எண்ணெய் வைத்து, இந்த நாட்டுக் குளியலறையின் வழுக்குத் தொட்டியில் நான் விழுந்துவிடாமல் வெளியே நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். குளித்து வந்ததும், மஞ்சள் தொட்டு வைத்த எட்டுமுழ வேஷ்டியையும் புதுச் சட்டையையும் கையில் கொடுத்தாள். அதைக் கட்டிக்கொண்டு சாமி கும்பிட்டு, இட்லியும் வடையும் சாப்பிட்டு, மாற்றிக்கொள்ளலாம் என்று எழுந்தபோது, "இன்னைக்கு ஒரு நா இப்படியே போனா வேலயவிட்டு எடுத்துருவாவளோ?" என்று கேட்டாள். எடுத்துவிட மாட்டார்கள். அப்படியே போனேன்.

பிறகு நடந்ததை வாசகர் ஊகித்திருப்பார். பதினொரு மணிக்கு நான் காப்பி எடுத்துக்கொண்டு போட்டி நடக்கும் கூடத்தின் வழியாக நடந்தபோது கைதட்டல் எழுந்தது. யாருக்கு என்று திரும்பிப் பார்த்தேன், எனக்குத்தான். நெற்றித் திருநீறையும் சந்தனத்தையும் வேஷ்டிக் கரையையும் பார்த்து, இருபது வருஷம் முரண்டு பிடித்தவன் கடைசியில் மனம் இளகி வேஷம் போட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்று அவர்கள் ஆனந்தப்பட்டார்கள். இது வேஷமன்று, இன்று எங்கள் பண்டிகை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் வாழைப்பழமானவர் இருபத்தைந்து டாலர் பரிசுச்சீட்டை என் கையில் திணித்துவிட்டார். தேனீ அம்மாள் மட்டும் சற்றுப் பின்தங்கி வந்து, குரலைத் தாழ்த்தி, "நாங்கள் ஏதும் தவறு செய்துவிட்டோமா?" என்று கேட்டார். சுற்றறிக்கையின் மூன்றாவது விதி அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். இல்லை, இன்று எனக்கு இரண்டு பண்டிகை என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. சிறகுகள் தடுப்பில் சிக்காமல் பக்கவாட்டில் திரும்பி, தம் இடத்துக்குப் போனார்.

இந்த இடத்தில், தினமும் நான் அணிகிற கால்சட்டைதான் வேஷம், அன்று ஒரு நாள்தான் வேஷம் கலைத்தேன் என்று எழுதிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும்; படிக்கிறவர்களும் தலையசைப்பார்கள். ஆனால் அது உண்மையன்று. இருபது வருஷமாக அணிகிற உடையில் என் முழங்கால்களின் மடிப்பு பதிந்திருக்கிறது. வேஷ்டியோ, கார் கதவில் சிக்கி, மின்தூக்கியில் அவிழுமோ என்ற பயத்தில், இடுப்பைப் பிடித்துக்கொண்டே என்னை நடக்கவைத்தது. எது என் உடை, எது என் வேஷம் என்று பிரிக்கிற கோடு எனக்குப் புலப்படவில்லை. புலப்பட்டது வேறொன்று. வருஷக்கணக்கில் தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கடந்துபோகிற பதினைந்து பேராவது அன்று என் மேஜைக்கு வந்து, உட்கார்ந்து, இது எப்படி இடுப்பில் நிற்கிறது, அந்தச் சாம்பல் எதனால் ஆனது, உங்கள் பண்டிகையில் யார் யாரைக் கொன்றார்கள் என்றெல்லாம் கேட்டார்கள். மற்ற நாட்களில் கேட்டால் அநாகரிகமாகிவிடும் கேள்விகள் அவை. வேஷம் என்று நினைத்ததனால்தான் கேட்டார்கள். அவர்களிலும் வாழைப்பழமாகவும் சூனியக்காரியாகவும் இருந்தவர்களே அதிகம் கேட்டார்கள்.

அப்படி வந்தவர்களில், ஐரிஷ் வம்சத்தில் பிறந்த ஒருவர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். நரகாசுரன் கதையைக் கேட்டுவிட்டு, தம்முடைய பாட்டி அயர்லாந்தின் மேற்குக் கரையிலிருந்து வந்தவள் என்றும், அவளுடைய சிறு வயதில் அங்கே பூசணிக்காய் கிடையாது, டர்னிப் கிழங்கைத்தான் குடைந்து விளக்கு வைப்பார்கள் என்றும் சொன்னார். டர்னிப் நம்முடைய நூக்கோலுக்கு உறவுக்காரக் கிழங்கு. குடைவதற்குக் கல்லைப்போல வலுவாக இருக்கும். அவ்வாறு குடைந்த பழைய கிழங்கு விளக்கு ஒன்றின் வார்ப்பு அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் படத்தை அவர் தம் கைபேசியில் காட்டினார். நான் திடுக்கிட்டுப் போனேன். நம் தெருவில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உருண்டைப் பூசணிகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சுருங்கி, பல் இளித்து, உண்மையாகவே இறந்துபோன ஒருவனுடைய தலையைப்போல அது இருந்தது. அதைச் செய்தவர்கள் விளையாடவில்லை.

விளையாடாத அந்தக் காலத்தின் கதை இது. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வாழ்ந்த கெல்ட்டியர்களுக்கு அறுவடை முடிந்து குளிர் தொடங்குகிற அந்த இரவு ஸௌவின் என்னும் சந்திப்பொழுது. மேய்ச்சலிலிருந்து மாடுகள் திரும்பும். வெளிச்ச காலம் போய் இருட்டு காலம் பிறக்கும். அந்தச் சந்தியில், இவ்வுலகத்துக்கும் மறு உலகத்துக்கும் நடுவே இருக்கிற தடுப்பு மெலிந்து, போனவர்கள் வந்துபோவார்கள் என்பது நம்பிக்கை. கிறிஸ்துவ சமயம் பரவியபின், எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில், நவம்பர் 1 சகல பரிசுத்தவான்களின் திருநாளாக நிலைபெற்றது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்ஸ் தேசத்துக் க்ளூனி மடத்தின் தலைவராக இருந்த ஓடிலோ, அதற்கு அடுத்த நாளை இறந்த ஆத்துமாக்கள் அனைவருக்குமான நாளாக்கினார். அதுவே நாளடைவில் சபை முழுவதும் பரவியது. பரிசுத்தவான்களின் திருநாளுக்கு முந்திய இரவு என்பதுதான் ஹாலோவீன் என்ற சொல்லுக்கே அர்த்தம். முந்திய இரவு, திருநாள், ஆத்துமாக்களின் நாள் என்ற மூன்றும் ஒரே கயிற்றின் முடிச்சுகள். மணப்பாட்டுக் கடற்கரையில் நவம்பர் 2 அன்று கல்லறைகளைக் கழுவி, பூவைத்து, மெழுகுதிரி ஏற்றுகிற பரதவர் குடும்பத்தார் அந்தக் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்திருக்கிறார்கள். பன்னிரண்டு அடி எலும்புக்கூட்டை நிறுத்திய என் பக்கத்து வீட்டுக்காரர் மற்றொரு நுனியைப் பிடித்திருக்கிறார். கயிறு ஒன்றுதான் என்பது இருவருக்கும் தெரியாது. அம்மாவுக்குத்தான் ஜன்னலில் நின்றபடி தெரிந்தது.

அந்த ஆத்துமாக்களின் நாளையொட்டி இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகச் சென்று, அந்தந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்வதாகச் சொல்லி, அதற்குப் பிரதியாக ஆத்துமரொட்டி எனப்படும் சிறு பணியாரங்களைப் பெற்றுக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தில் வேஷம் போட்டு வருகிற பிள்ளைகள் ஒரு பாட்டோ, செய்யுளோ, விகடமோ சொன்னால்தான் ஆப்பிளும் கொட்டைகளும் கிடைக்கும். இரண்டிலும் யாசகன் எதையேனும் கொடுத்துவிட்டே பெற்றுக்கொள்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்து, லட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, அவர்களோடு இந்த இரவும் கடந்து வந்தது. வந்த இடத்தில் கிழங்குக்குப் பதிலாக இந்த மண்ணின் பூசணி கிடைத்தது. பரங்கியர் கொண்டுவந்ததால் நாம் பரங்கிக்காய் என்கிறோமே, அந்தக் காய்க்கு இதுவே தாய்நாடு. அதைக் குடைவது சுலபம். குடைந்த முகமும் சிரிக்கிறது. பயங்கரம் ஹாஸ்யமாக மாறியதில் ஒரு காய்கறிக்கு இவ்வளவு பங்கு உண்டென்று சொன்னால் சரித்திர ஆசிரியர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் அந்தக் கிழங்கின் படத்தைப் பார்த்தவன், எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அமெரிக்காவில் வெகுகாலம் இது வால்பிள்ளைகளின் இரவாகவே இருந்தது. வேலிக்கதவைக் கழற்றுவதும் வண்டியைக் கூரைமேல் ஏற்றுவதும் அவர்கள் சாதனைகள். மின்னஸோட்டா மாநிலத்து அனோக்கா என்னும் ஊரில் மாடுகளை அவிழ்த்துக் கடைத்தெருவில் விட்டுவிட்டார்களாம். அந்த உபத்திரவம் பொறுக்காமல் ஊர்ப் பெரியவர்கள் 1920-இல் ஊர்வலமும் தீனியும் ஏற்பாடு செய்து பிள்ளைகளைத் திசைதிருப்பினார்கள். "ட்ரிக் ஆர் ட்ரீட்", அதாவது தின்பண்டம் தருகிறாயா, சேஷ்டை செய்யட்டுமா என்கிற மிரட்டல், 1920-களில் கனடாவின் பத்திரிகைகளில் காணப்படுகிறது. பிறகு இந்த நாடெங்கும் பரவிற்று. ஜெபமும் பாட்டும் போய், மிரட்டலும் அதற்கு லஞ்சமுமாகக் காரியம் சுருங்கியது. இரண்டாம் உலக யுத்தத்தில் சர்க்கரைக்குப் பங்கீடு வந்தபோது கொஞ்சம் தளர்ந்து, பங்கீடு நீங்கியபின் முன்னிலும் பெருகிற்று. 1950-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு பாதிரியார் குடும்பம், பிள்ளைகள் மிட்டாயோடு காசும் கேட்டு வாங்கி உலகக் குழந்தைகளின் நலநிதிக்கு அனுப்பலாம் என்று தொடங்கிவைத்தது. நான் வந்த புதிதில் ஆரஞ்சு நிறக் காகித உண்டியல்களை ஆட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இப்போது இந்த ஒரு நாளுக்காக இந்த நாட்டார் வருஷந்தோறும் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் செலவிடுகிறார்கள் என்று வியாபாரிகள் சங்கம் கணக்குச் சொல்லுகிறது. அதில் ஒரு டாலரேனும் இறந்தவர்களின் பொருட்டு என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்று மாலை ஆறு மணிக்குச் சற்று முன்பே சூரியன் மறைந்தது. அந்த அக்டோபரில் நியூ ஜெர்ஸியில் மழையென்பதே அநேகமாக இல்லை. காட்டுத் தீ அச்சத்தினால் வெளியில் நெருப்பு மூட்டக் கூடாதென்று கட்டுப்பாடு இருந்தது. குளிர்காலக் கோட்டுக்குள் வேஷம் மறைந்துபோகிற வழக்கமான துயரம் அன்று குழந்தைகளுக்கு இல்லை; சித்திரை மாதத்துச் சாயங்காலம்போல் காற்று வெதுவெதுப்பாக இருந்தது. எட்டு வயதான என் மகள் வௌவாலாக வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கம்பி உடைந்துபோன பழைய கறுப்புக் குடை ஒன்றை என் மனைவி இரண்டாகப் பிளந்து, கம்பிகளோடு சட்டைக் கைகளில் தைத்துக் கொடுத்தாள். கையைத் தூக்கினால் சிறகு விரிந்தது. "ஏட்டி, தீவாளிப் பாவாடய அவுத்துப் போட்டுட்டு இதயா மாட்டுத?" என்று அம்மா வருந்தினாலும், சிறகு விரிந்ததும் அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேஷ்டியோடு நான் துணைக்குப் போனேன்.

இந்த விளையாட்டுக்கு எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. வாசல் விளக்கு எரிகிற வீட்டுக் கதவைத் தட்டலாம்; எரியாத வீட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது. வருஷம் முழுவதும் ஒருவரையொருவர் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு, நாள் குறித்து, நேரம் குறித்து, அப்புறமே படியேறுகிற இந்தப் புறநகரில், அந்த மூன்று மணி நேரம் மட்டும் முன்பின் தெரியாத பிள்ளைகள் வீடு வீடாகக் கதவைத் தட்ட, முன்பின் தெரியாத பெரியவர்கள் கதவைத் திறந்து, கும்பிட்டுக் கேட்டவனுக்கு இடுவதுபோலச் சிரித்துக்கொண்டு இடுகிறார்கள். என் தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்று நான் அறிந்ததெல்லாம் வௌவாலுக்கும், முந்திய வருஷங்களில் அதே உடலில் வந்த தேவதைக்கும் தீயணைப்பு வீரனுக்கும் துணையாகப் போய் அறிந்ததுதான்.

திரும்பி வந்தபோது அம்மா வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிற பிள்ளைகளுக்குச் சாக்லேட் போட்டுக்கொண்டிருந்தாள். படியின் இரு பக்கமும் அகல்விளக்கு. வேட்டைக்காரன், பேய், ராஜகுமாரி, காவல்காரன், குரங்கு எல்லோரும் வரிசையாக வந்தார்கள். என்னைக் கண்டதும், "இந்தப் புள்ளைய எல்லாம் எந்தக் கோயிலுக்கு மால போட்டிருக்கு?" என்று கேட்டாள்.

கேலியாகத்தான் கேட்டாளோ, உண்மையாகவே கேட்டாளோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கணத்தில் குலசை முத்தாரம்மன் தசரா என் கண்முன் வந்து நின்றது. புரட்டாசியில் காப்புக் கட்டிய நாள் தொட்டு, எங்கள் பக்கத்து ஊர்களிலெல்லாம், விரதமிருந்து மாலை போட்டவர்கள் காளியாகவும் குறவன் குறத்தியாகவும் கரடியாகவும் ராஜாவாகவும் பிச்சைக்காரனாகவும் வேஷம் கட்டி, மேளத்தோடு வீடு வீடாக வந்து காணிக்கை கேட்பார்கள்; சேர்ந்த காசைப் பத்தாம் நாள் அம்மன் உண்டியலில் கொட்டுவார்கள்; அன்று நள்ளிரவில் கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம். என் பெரியப்பா, உடன்குடிச் சந்தையில் கருப்பட்டி மொத்த வியாபாரம் செய்தவர், ஒருவரிடமும் கைநீட்டி அறியாதவர், ஒரு நேர்ச்சைக்காக ஒரு வருஷம் கந்தலுடுத்திப் பிச்சைக்கார வேஷத்தில் எங்கள் வாசலில் வந்து நின்று தட்டை நீட்டினார். அவரிடம் கடன் வாங்கியிருந்தவர்களும் அவர் தட்டில் காசு போட்டார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அடையாளம் தெரிந்து, "பெரியப்பா" என்று கூப்பிட வாயெடுத்த என் வாயை அம்மா பொத்தினாள். வேஷம் கட்டியவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது.

வேஷத்தைப் பற்றி நான் படித்தவற்றிலெல்லாம் அது மறைப்பது என்றே சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்பதற்கு உரிய அனுமதிச் சீட்டு அது. மானமுள்ள மனிதனுக்கு உலகத்திலேயே கடினமான காரியம், இன்னொருவன் வாசலில் நின்று எனக்குக் கொடு என்று சொல்வது. பெயரும் அந்தஸ்தும் அதைத் தடுக்கின்றன. அவற்றைக் கழற்றி வைத்துவிட்டால் கருப்பட்டி வியாபாரியும் கேட்கலாம், தணிக்கைக்கார அம்மாளும் "நாங்கள் தவறு செய்துவிட்டோமா" என்று கேட்கலாம், தெருவில் யாரையும் தெரியாத ஒரு குழந்தையும் கேட்கலாம். கொடுப்பவனுக்கும் அதில் ஒரு விடுதலை இருக்கிறது. யாருக்குக் கொடுக்கிறோம் என்று பாராமல் கொடுக்கிற சுகம் மற்ற நாட்களில் கிட்டுவதில்லை.

அம்மாவுடைய மடியில் ஒரு தாம்பாளம் தொடப்படாமல் இருந்ததை அப்புறந்தான் கவனித்தேன். பாசிப்பயறு வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகு சேர்த்து, மாவில் தோய்த்துப் பொரித்த முந்திரிக்கொத்து. இரண்டு நாள் பாடுபட்டுச் செய்தது. சாக்லேட்டோடு அதையும் ஒவ்வொரு பைக்குள்ளும் போடப் போயிருக்கிறாள்; பிள்ளைகள் ஆவலோடு கையை நீட்டினாலும், பின்னால் நின்ற தாய்தந்தையர் மிகுந்த விநயத்தோடு மறுத்திருக்கிறார்கள். "கையால செஞ்சது வேண்டாங்காவ. தாளச் சுத்திக் கடையில விக்கது மட்டும் வேணுமாம்," என்றாள். அவள் குரலில் கோபத்தைவிடத் திகைப்பே இருந்தது.

வீட்டில் செய்த பண்டத்தை ஹாலோவீன் அன்று ஏற்றுக்கொள்ளக் கூடாது என்பதும் எழுதப்படாத சட்டம். யாரோ ஒருவன் விஷம் வைப்பான், ஆப்பிளில் சவரக்கத்தி வைப்பான் என்ற பயம் அரை நூற்றாண்டாக இந்த நாட்டில் நிலவுகிறது. 1974-இல் டெக்ஸஸில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் உண்மையாகவே ஸயனைடு கலந்த மிட்டாய்த்தூளைத் தின்று இறந்தான். வைத்தவன் அந்நியன் அல்லன், காப்பீட்டுப் பணத்துக்காக அவனைப் பெற்ற தகப்பனே. ஜோயல் பெஸ்ட் என்னும் சமூகவியல் பேராசிரியர் 1958 முதலான செய்திகளையெல்லாம் பல வருஷம் துருவிப் பார்த்து, முகமறியாத ஒருவன் இவ்விதம் கொடுத்த பண்டத்தால் ஒரு குழந்தை இறந்ததாக உறுதிப்பட்ட சம்பவம் ஒன்றுமில்லை என்று எழுதினார். எலும்புக்கூட்டுக்கும் பேய்க்கும் பயப்படாமல் சிரிக்கக் கற்றுக்கொண்ட ஜனங்கள், மீந்துபோன பயத்தையெல்லாம் பக்கத்து வீட்டுக்காரன் சமையலறைமேல் இறக்கி வைத்துவிட்டார்கள் போலும். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. பாக்கெட் போட்டு விற்கிற சட்டம் என்று எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

எட்டு மணிக்குக் கூட்டம் ஓய்ந்தது. மகள் தரையில் உட்கார்ந்து சாக்லேட்டுகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வரிசையில் ஒரு வீடு மட்டும் இருட்டாக இருந்தது. அங்கே தனியாக இருக்கிற முதியவர், முன்பெல்லாம் மனைவியோடு வாசலில் உட்கார்ந்து கைநிறையக் கொடுத்தவர். அவள் போனபின் இரண்டு வருஷமாக அந்த நாளில் விளக்குப் போடுவதில்லை. சட்டப்படி யாரும் அவர் கதவைத் தட்டுவதில்லை.

"அந்த வீட்ல ஏன் வெளக்கு இல்ல?" என்று அம்மா கேட்டாள். சொன்னேன்.

"தீவாளி அன்னைக்கு ஒரு வீடு இருட்டாக் கெடக்கலாமாய்யா?" என்று சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டாள். தீபாவளி நமக்குத்தான் அம்மா, அவருக்கில்லை. விளக்கு அணைந்த வீட்டைத் தட்டக் கூடாது என்று நான் விதிகளை விளக்கி முடிப்பதற்குள், முந்திரிக்கொத்துத் தாம்பாளத்தின் ஓரத்தில் ஒரு அகலை வைத்து, மறு கையால் காற்றுக்கு அணைகொடுத்து, தெருவைக் கடந்துகொண்டிருந்தாள். பேயும் குரங்கும் ராஜகுமாரியும் தயங்கிய கதவை, நூல்புடவையும் காதில் பாம்படம் தொங்கிய தழும்புமாக, ஒரு வேஷமும் இல்லாமல் போய்த் தட்டினாள்.

நான் வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடுமுன் கதவு திறந்தது. உள்ளே வெளிச்சம் வந்தது. அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அம்மா சொன்னது கேட்டது. "தின்னு பாருங்க, கருப்பட்டி, ஒடம்புக்கு நல்லது," என்று நல்ல தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். முந்திரிக்கொத்தைக் கடிப்பது கிழவர்களுக்குச் சுலபமன்று. வெகு நேரம் மென்றார். பிறகு தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அம்மா வாசலில் நின்றாள், கையில் அகலோடு.

வெகு நேரமாகவில்லை; தாம்பாளத்தைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஏழெட்டுச் சாக்லேட்டுகள் கிடந்தன. வாங்கி வைத்துவிட்டு விளக்குப் போடாமல் இருந்திருக்கிறார்.

அம்மா தெருவைக் கடந்து திரும்பி வந்து, தாம்பாளத்தை என்னிடம் நீட்டி, "பாத்தியா, வெறுந்தட்டாக் குடுத்து விடல," என்றாள்.